ஒன்றுக்குப் பன்னிரண்டு

உம்சின்டோ ஆலைச் சாலையில்
எங்கள் சிற்றாலயத்துக்கு மூன்று படிகள்.
படி ஒன்று பதினைந்து சென்டிமீட்டர்.
அளந்தவள் நான். பொருளாளர் என்பதால்
டேப்பும் ரசீதுப் புத்தகமும் என் பையில்.

சாய்தளத்துக்கு விதி இருக்கிறது:
ஓரடி ஏறப் பன்னிரண்டடி நீளம்.
ஒன்றுக்குப் பன்னிரண்டு.
கேட்டதும் பாஸ்டருக்கு முகம் மலர்ந்தது,
அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்.
எனக்கோ அது ஐந்து மீட்டர் நாற்பது சிமெண்ட்,
போகிற வழியில்
திருமதி பியூலா நாயக்கர்
கணவர் நினைவாக நட்ட ரோஜாப் பாத்தி.

ரோஜாவுக்காக மூன்று கூட்டம் போட்டோம்.
ஏசிக்கு ஒன்று.
திரைக்கும் புரொஜெக்டருக்கும் கூட்டமே இல்லை,
இளைஞர்கள் மாட்டிவிட்டுத்தான் சொன்னார்கள்.
பெஞ்சுகளைக் கழற்றிக் கவிழ்த்தால்
அடியில் மூன்று தலைமுறைச் சூயிங்கம்.
உளியால் சுரண்டிக்கொண்டே தெம்பின்கோசி,
"பரவாயில்லை, தூங்காமல்தான் இருந்திருக்கிறீர்கள்" என்றான்.

இவ்வளவும் செல்வின் பொன்னப்பனுக்காக என்று
ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முப்பது வருஷம் சர்க்கரை ஆலையில் வேலை.
இடது காலை எடுத்ததும் சர்க்கரைதான்.
அடுத்த வருஷம் வலது.
"நான் காய்ச்சினதுதான் என்னைக் காய்ச்சுது" என்பார்.
முதல் மாதம் நாற்காலியோடு நான்கு பேர் தூக்கினார்கள்.
இரண்டாம் மாதம் இரண்டு பேருக்கு முதுகுவலி.
மூன்றாம் மாதம் அவரே சொன்னார்:
காரிலேயே இருந்துவிடுகிறேன், அங்கேயே நன்றாகக் கேட்கிறது.
நாங்கள் நம்பினோம்.
நம்புவது வசதியாக இருந்தது.

பதினோரு வருஷம்.
மாமர நிழலில் வெள்ளை டொயோட்டா,
கண்ணாடி இறக்கி.
ராப்போஜனம் கடைசியில் அவருக்குப் போகும்,
மூடிபோட்ட தட்டில், கார் ஜன்னல் வழியாக,
பெட்ரோல் பங்கில் சில்லறை நீட்டுவது மாதிரி.
நீட்டியவள் பெரும்பாலும் நான்தான்.
எந்தக் கணக்கிலும் அதை எழுதவில்லை.

ஆகஸ்டில் வெள்ளையடித்தோம்.
கரும்பு எரிக்கும் மாதம் என்று
தெரியாத ஊர்க்காரர்களா நாங்கள்?
காயாத சுவரெல்லாம் கறுப்பு இறகாய்ச் சாம்பல் ஒட்டியது.
இரண்டாம் பூச்சுக்குத் தனி பில்.
அதற்குப் பிறகுதான் ஜன்னல்களுக்கு அலுமினியச் சட்டம்,
சாத்தினால் சாத்தியதுதான்,
வெளியே லாரி போனாலும் உள்ளே தெரியாது.

திறப்பு நாளன்று கவனித்தேன்,
சாய்தளத்தின் அடி
அந்தக் காரின் ஆயில் கறையில் போய் நிற்கிறது.
திட்டமில்லை. ஐந்து நாற்பது அங்கேதான் முடிகிறது.

தள்ள ஓடியவர்களைக் கைகாட்டி நிறுத்திவிட்டு
தானே சக்கரம் உருட்டி ஏறினார்.
பாதியில் நின்று மூச்சு வாங்கினார்.
ஆலயமே திரும்பிப் பார்த்தது,
பிறகு பார்க்காததுபோல் திரையைப் பார்த்தது.
இரண்டாம் வரிசைப் பெஞ்சை
ஓர் ஆள் அகலம் குறைத்து வெட்டியிருந்தோம்.
அந்த இடைவெளியில் வந்து பொருந்தினார்,
என் பக்கத்தில்.

பாட்டு தொடங்கியது.
அவர் அரை வரி பின்னால் பாடினார்.
தனியாகப் பாடிப் பழகிய குரல்,
யாருக்கும் காத்திராமல்,
தனக்காக யாரும் காத்திருப்பார்கள் என்றும் எண்ணாமல்.
எழுத்துகள் திரையில் முன்னே போய்விட்டன.
கீபோர்டு பையன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்,
அடுத்த சரணத்தை எப்போது எடுப்பது என்று
அவனுக்கு விளங்கவில்லை.

பிரசங்கத்தின் நடுவே என் முழங்கையைத் தட்டினார்.
"கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கும்மா."

ஏசி ஓடுகிறது என்று சொல்ல வாய் திறந்தேன்.
எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் தள்ளினேன்.
பாகு வாசனையோடு காற்று வந்தது.
மாமரத்தில் ஏதோ பறவைச் சண்டை.
ஒரு கரும்புச் சாம்பல் உள்ளே மிதந்து
புதுச் சுவரை இரண்டுமுறை உரசப் பார்த்து
அவர் மடிப் போர்வையில் இறங்கியது.
தட்டிவிடவில்லை.

"இப்பக் கேக்குது" என்றார்.